அவள் வாசித்ததும் நான் எழுதியதும்

என் மனைவி ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மாலை நான்கிலிருந்து ஏழுவரை ஜாஸ் பியானோ வாசிக்கிறாள். நான் இசைக் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியர். கற்பிப்பது ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு ஸ்வர முறை. அதில் ஒரு ஸ்வரம் ஒலித்துவிட்டால், மற்ற பதினொன்றும் வந்து போகும்வரை அது மறுபடி தலைகாட்டக் கூடாது. அவள் வாசிப்பிலோ பிடித்த ஸ்வரம் நினைத்தபோதெல்லாம் வரும், மாமியார் வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளை மாதிரி. வந்தால் எழுந்தும் போகாது.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் சொந்தமாக ஒரு படைப்பு எழுதித் தேர்வுக் குழுவின் முன் அரங்கேற்ற வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கெடு. ஐந்து மாதம் பென்சில் சீவினேன்.

காலையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் நேரத்தில் அவள் பயிற்சி செய்வாள். பயிற்சி என்று அவள்தான் சொல்கிறாள். விரல் போன போக்கில் போகும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து நசுக்குவாள். தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வருவாள். எழுந்ததும் வாசித்ததை மறந்துவிடுவாள். ஒரு நாள் சுவருக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். ஹங்கேரி இசைமேதை பார்டோக் ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் பாட்டைப் பதிவு செய்யவில்லையா? எனக்கு அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பதிவை முப்பது தடவைக்கு மேல் கேட்டு எழுதினேன். ஜாஸ்காரர்கள் சாதாரணமாக எழுதிவிட்டு, 'அசைந்து வாசிக்கவும்' என்று மேலே ஒரு வரி போட்டுவிடுவார்கள். நான் படித்தவன். அவள் எவ்வளவு பிந்தினாள் என்று அளந்தேன். ஒரு தட்டை ஏழு துண்டாக்கி, அந்த ஏழு துண்டுக்குள் ஐந்து, அந்த ஐந்துக்குள் மூன்று. பத்து நிமிட இசை நாற்பது பக்கம் ஆனது.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கல்லூரிப் பியானோக்காரர் படியில் சறுக்கி மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவே வாசிக்கலாமே" என்றார் முதல்வர்.

நான் சாக்குத் தேடுவதற்குள் அவள் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாள்.

ஒத்திகை அறையில் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"என்னங்க இது, எறும்புப் புத்தைக் கலைச்சு விட்ட மாதிரி இருக்கு?"

"மெதுவா வாசி."

"மெதுவாவா? இதுக்கு மூணாவதா ஒரு கை வேணும். பக்கத்துல ஒரு கணக்கு வாத்தியாரும் வேணும்."

முதல்வர் சிரித்தார். அவள் நாலு தரம் முட்டி மோதினாள். பிறகு தாள்களைத் தள்ளிவைத்தாள். "இருங்க சார். இவர் இப்படித்தான் நினைச்சிருப்பாரோ?" என்று, கண்ணில் பட்ட ஸ்வரங்களை வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அதேதான். பதிவு செய்த அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதேதான். தன்னுடையது என்று அவளுக்கு மட்டும் தெரியவில்லை. முதல்வரின் கால் தானாகத் தாளம் போட்டது. கவனித்ததும் நிறுத்திக்கொண்டார்.

"காதுக்குச் சுகமாத்தான் இருக்கும்மா. ஆனா இது ஹோட்டல் வாசிப்பு. சார் எழுதியிருக்கிறது வேற." என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இதுவா நீங்க எழுதினது?"

அவளும் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் ஒன்பது வருடமும் போய்விடும்.

"இல்லை" என்றேன்.

"பாத்தீங்களா சார், இதெல்லாம் நமக்கு எங்க ஒத்து வரும்?" என்று சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு புள்ளி பிசகாமல் வாசித்தார். யாருடைய காலும் அசையவில்லை. 'எவருடைய சாயலும் இல்லாத சொந்தக் குரல்' என்று குழு அறிக்கை எழுதியது. வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வருடத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று முதல்வர் இப்போதே கேட்டிருக்கிறார்.

அவள் இப்போது தினமும் என் நாற்பது பக்கத்தைத்தான் பயிற்சி செய்கிறாள். புருஷன் எழுதியதை வாசிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுக்கக் கூடாதாம். வாய்விட்டு எண்ணி எண்ணி வாசிக்கிறாள். வாசிப்பு முன்னே மாதிரி இல்லை என்று ஹோட்டல் மேனேஜர் சொன்னாராம். அதையும் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டாள்.

நேற்று பன்னிரண்டாம் பக்கத்தோடு வந்து நின்றாள்.

"இங்க மூணே கால் எண்ணிக்கைக்குச் சும்மா இருக்கணும்னு போட்டிருக்கீங்க. குழுவுல எல்லாரும் இந்த இடத்தைத்தான் ரொம்ப ஆழம்னாங்களாம். எதுக்குங்க இந்த மௌனம்?"

பதிவு செய்த அன்று அந்த இடத்தில் அவள் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"விளக்க முடியாது. உணரணும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் பியானோ ஒலித்து, நின்றது. மூன்றே கால் எண்ணினாள். சரியாக வரவில்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.