உச்சியில் ஓர் ஓட்டை

மலேசியாவின் ஸ்கூடாய் நகரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் தும்மக்கூடாது. ஒருமுறை ஒருவர் தும்மியதில் இரண்டு கோடி ஆண்டுகள் பறந்துபோய், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனில் ஒட்டிக்கொண்டன; இன்னும் திரும்பவில்லை. அங்கேதான் ஷாமளா, அத்தனை ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த டைனோஃபிளாஜெலேட் என்னும் நுண்ணுயிர்கள் விட்டுப்போன கூடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகை பிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டின் முள்ளும், உயிர் வெளியேறிய ஓட்டையும்தான் அடையாளம்.

அன்று ஒரு கூடு எந்த வகையிலும் அடங்கவில்லை. துறைத்தலைவர் கண்ணப்பன் வந்து குனிந்து பார்த்தார்.

“முள்ளைப் பாரும்மா. இது நான் பேர் வச்ச வகைதான் லா.”

“முள் ஒரே மாதிரிதான் சார். ஆனா உங்களோடதுல ஓட்டை பக்கவாட்டுல இருக்கு. இதுல உச்சியில.”

“அது உடைஞ்சது. தள்ளி வை.”

ஷாமளா தள்ளி வைக்கவில்லை. கூட்டை மூடியிருந்த மெல்லிய மேல்கண்ணாடியை ஊசிமுனையால் மெல்ல அழுத்தினாள். கூடு உருண்டு தன் உச்சியைக் காட்டியது. ஓட்டையின் ஓரம் கத்தரியால் நறுக்கியதுபோல் ஒழுங்காக இருந்தது. அடுத்த ஸ்லைடை வைத்தாள், அதற்கடுத்ததையும் வைத்தாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

“எல்லாம் பேசி வச்சுக்கிட்டு ஒரே இடத்துல உடைஞ்சிச்சா, சார்?”

கண்ணப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கூடுகளின் வயதில் பாதியளவு நேரம் துடைத்தார்.

“புது வகைன்னு எழுதினா, நீ எழுதுற கட்டுரையில என் பேரைப் போட விடமாட்டேன்.”

“சரிங்க சார்.”

அவர் கதவை எட்டுவதற்குள், கணினியில் இருந்த கட்டுரையின் முதல் பக்கத்தில் ஷாமளாவின் பெயர் மட்டுமே இருந்தது.