இடது பாதமும் பதினாலாம் நம்பர் வீடும்

நாற்சந்தியில் நகராட்சி வைத்த கான்கிரீட் பாதத்துக்கு மேலே மீதி ஆளும் நின்றுகொண்டிருக்கிறார் என்பது, திறப்பு விழாவுக்குப் பதினோராம் நாள் மதியம் அவருடைய நிழல் விழுந்தபோது உறுதியானது. அது இடது பாதம், கணுக்கால் வரைதான், இரண்டு ஆள் உயரம். செய்த சிற்பி, சைக்கிள் கடை மாடியில் நீல அங்கி மாட்டிக்கொண்டு சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்து ஆவிகளை அழைக்கும் ஏழு பேரில் ஒருவர். மற்றதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது என்று அவர் விழாவிலேயே சொன்னார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

சிரிக்க வைத்ததில் பெரும்பங்கு உள்ளூர்ப் பத்திரிகையின் நையாண்டிக்காரருடையது. ஒரு கால் இங்கே என்றால் மற்றதை எங்கே ஊன்றுவதாக உத்தேசம் என்று கேட்டு, பதினாலாம் நம்பர் வீட்டில் ஊன்றலாம், ஆட்சேபணை இல்லை என்று முடித்திருந்தார். அது அவருடைய சொந்த வீடு. யாருடைய விலாசத்தையோ கேலிக்குள் இழுத்து ஒருமுறை வழக்கு வந்ததிலிருந்து, நகைச்சுவையில் இடம் வந்தால் எழுதுகிறவர் விலாசத்தையே போட வேண்டும் என்பது ஆசிரியர் வைத்த விதி. அந்த வீட்டில் அதற்குமுன் அமைச்சர் ஒளிந்திருக்கிறார், ஒட்டகம் குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் அச்சில் மட்டும்.

நிழலில் வலது கால் தூக்கியிருந்தது. உள்ளங்கால் பதினாலாம் நம்பர் மொட்டை மாடியில் கச்சிதமாக விழுந்தது. ஒரு விரல்கூடப் பக்கத்து வீட்டில் படவில்லை. உள்ளே நையாண்டிக்காரருடைய அக்கா முதுகெலும்பு முறிந்து படுத்திருந்தார். அம்மா போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். மூன்று மாதம் அசைக்கவே கூடாது, அசைத்தால் பிறகு நடக்க மாட்டார் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிழல் நாளுக்கு நாள் கறுத்தது. மூன்றாம் வாரம் மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி சப்பையானது.

நையாண்டிக்காரர் சைக்கிள் கடை மாடிக்கு ஓடினார்.

"என்ன பூஜை வேணும்னாலும் பண்ணுங்க, அந்தக் காலை வேற எங்கயாவது வைக்கச் சொல்லுங்க!"

"நாங்க கூப்பிட்டா அவர் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லைங்க. நீங்க எழுதறதைத்தான் படிக்கிறார் போல," என்றார் சிற்பி. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

நையாண்டிக்காரர் ஆற்று மணலில் வையுங்கள் என்று எழுதினார். காலி மைதானத்தில் வையுங்கள் என்று எழுதினார். கை பழக்கம், எல்லாம் நகைச்சுவையாகவே வந்தது. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் இடத்தை அடித்துவிட்டுப் பதினாலாம் நம்பர் என்று திருத்தினார். ஒவ்வோர் இதழுக்கும் கால் ஒரு சாண் இறங்கியது. அக்காவின் அறைக்குள் காது அடைத்தது, சுண்ணாம்பு பெயர்ந்து போர்வையில் உதிர்ந்தது.

"விளையாட்டா எழுதினாத்தானேடா அந்த விதி? ஒரு தடவையாவது சிரிக்காம கேட்டுப் பாரு," என்றார் அக்கா.

எழுத வந்த இருபது வருடத்தில் தம்பி யாரிடமும் எதையும் நேராகக் கேட்டதில்லை. பயமாக இருந்தது. நான்கு வரி எழுதினார். 'ஐயா, என் அக்கா உள்ளே படுத்திருக்கிறாள். அவளை அசைக்க முடியாது. எனக்கு வேறு யாரும் இல்லை. காலைக் கீழே வைக்காதீர்கள்.' ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓர் எழுத்தும் தொடாமல் அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வந்த மதியம் உத்தரம் முனகியது. தம்பி அக்காவின் கட்டிலருகே தரையில் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு முனகல் நின்றது.

கால் அப்படியே அறுபத்து மூன்று நாள் அந்தரத்தில் நின்றது. கடைசி வாரங்களில் நிழல் நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அறுபத்து நான்காம் நாள், மருத்துவர் சொன்ன மூன்று மாதமும் முடிந்து, அக்கா தம்பியின் தோளைப் பிடித்து நடந்து தெருவுக்கு வந்தார். சாமான்கள் முந்தின நாளே வெளியேறியிருந்தன. அவர் அண்ணாந்து, "போதுங்க, காலை வெச்சுக்குங்க. ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம்," என்றார்.

வீடு சத்தமில்லாமல் தரையோடு அமுங்கியது. மறுகணம் ஊர்க் கொடிகளில் காய்ந்த துணியெல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தது. அது பெருமூச்சுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவும் தம்பியும் இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள்.