கூட்டம் அவள் வீட்டில்

"உனக்கும் தலைவலின்னு சொல்லி அனுப்பிடேன்" என்றான் கணவன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "மத்தவங்கல்லாம் சொல்லிட்டாங்கல்ல. நீ மட்டும் போய் என்னத்தக் கிழிக்கப்போற?"

அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து குழுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலில் வந்து சாக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்தி வீட்டுக்கு நாத்தனார் வருகிறாள். தையற்காரி மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "அந்தச் சந்துக்குள்ள போய் உக்காந்துட்டு வந்தா எங்க மாமியார் என்னை உள்ள விடமாட்டாங்க. நீங்க தலைவி, உங்களுக்குத் தெரியாததா?"

"சரி, பாத்துக்கறேன்" என்றுதான் தலைவியும் சொல்லியிருந்தாள். வாருங்கள் என்று ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

அவர்கள் பினாயில் தயாரிக்கிற சுய உதவிக் குழு. கலக்கும் பக்குவம், தரம் பார்ப்பது, கடைக்காரரிடம் கூசாமல் பேசுவது எல்லாம் ஒரு தொண்டு நிறுவனம் கற்றுக்கொடுத்தது. அங்கிருந்து வரும் பயிற்சியாளரை எல்லாரும் மேடம் என்பார்கள். "எப்பவும் ஒரே வீட்ல கூடினா அது அந்த வீட்டுக் குழுவாயிடும்" என்று மேடம் சொன்னதால், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடினார்கள். இன்று ஆஸ்பத்திரிக்காரியின் முறை.

அவள் ஆஸ்பத்திரியில் கழிப்பறை கழுவுகிறவள். கடைகளெல்லாம் கையை விரித்தபோது, மேலதிகாரியிடம் விடாமல் பேசி அங்கே பினாயில் வாங்கவைத்தவளும் அவள்தான். அந்த ஆர்டர் வந்த பிறகுதான் குழு மூச்சு விட்டது. ஆனாலும் மற்ற வீடுகளில் கூட்டம் நடக்கும்போது அவள் கதவோரமாகத்தான் உட்காருவாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை.

"மேடம் வருவாங்க. போகலைன்னா அசிங்கமாப் போயிடும்" என்றாள் தலைவி கணவனிடம். சொன்ன பிறகுதான் உறைத்தது. மேடம் வராவிட்டால் அவளும் போயிருக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரிக்காரிக்கு ஒற்றை அறை வீடு. கழுவிவிட்ட தரையில் இன்னும் ஈரம் இருந்தது. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகள் சுவரோடு வரிசையாகக் காலியாகக் கிடந்தன. மேடம் பாயில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, வாங்க!" ஆஸ்பத்திரிக்காரி வாசலுக்கே வந்தாள். "மத்தவங்க பின்னால வர்றாங்களா?"

"இல்லம்மா... தலைவலின்னு..."

"எல்லாருக்குமா?" என்றார் மேடம்.

தலைவி தரையைப் பார்த்தாள்.

"சீசன் அப்படி மேடம்" என்று சிரித்துச் சமாளித்தபடி ஆஸ்பத்திரிக்காரி அடுப்பு மூலைக்குப் போய் ஒரு தட்டோடு வந்தாள். அதில் ஒரு டம்ளரிலும் ஒரு காகிதக் கப்பிலும் டீ இருந்தது. தலைவியின் கை யோசிக்கவே இல்லை. கப்பை எடுத்துவிட்டது.

எடுத்த கை அப்படியே நின்றது. மேடம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சங்கடப்படாதீங்கக்கா. உங்களுக்காகத்தான் வாங்கி வெச்சேன். எல்லாருக்கும் காணும்னு ரெண்டு பாக்கெட் வாங்கினேன்" என்றாள் ஆஸ்பத்திரிக்காரி. குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தலைவி தாங்கியிருப்பாள்.

தலைவி கப்பைக் கீழே வைத்தாள். "எனக்கும் டம்ளர்லயே குடும்மா."

ஆஸ்பத்திரிக்காரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த டம்ளரைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. இன்னிக்கு மேடம் இருக்காங்க. அவங்க இல்லாத ஒரு நாள் வாங்க. அப்பவும் கேட்டீங்கன்னா தர்றேன்."

ஆஸ்பத்திரிக்காரி ஒரு வாய் டீ குடித்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தன் வீட்டு அறையின் நடுவில் இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கூட்டத்தை ஆரம்பிக்கலாமா? ஆஸ்பத்திரியில இந்தத் தடவை கூடுதலாக் கேக்கறாங்க. தலைவலி வந்தவங்களுக்கும் சேத்து வேலை இருக்கு."