ஆறு பன்னிரண்டுக்கு அணைந்த மெஷின்

ஒரு பக்கம் போதும் என்றார் மேனேஜர்.

"துப்புரவு பண்றப்ப பிளக் கழண்டுச்சு, மெஷின் நின்னுச்சு. இவ்ளோதான். கையெழுத்துப் போட்டு மத்தியானத்துக்குள்ள குடுங்கம்மா. ஏஜென்சிக்கு அனுப்பிட்டா சனிக்கிழமையிலேர்ந்து வேற ஆளை அனுப்பிடுவாங்க."

சரி என்றேன். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். குழந்தைக்கு ஏழு மாதம். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்ப்பதையும் விட்டிருந்தேன்.

எங்களுடையது ரத்தப் பரிசோதனைக்கூடம். ஒன்பது கிளைகளின் முடிவுகளும் ஒரே சர்வரில் வந்து சேரும். அதன் பக்கத்தில் அதே உருவில் இன்னொன்று, நகல் எடுத்து வைக்க. இரண்டையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளைகள் திறந்தபோது முதல் சர்வர் அணைந்து கிடந்தது. நான் பஸ் பிடித்து வந்து பொத்தானை அழுத்தியபோது ஒன்பதே முக்கால். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லாக் கவுண்டரிலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை ஆறிலிருந்து ஆறரை வரை சர்வர் அறையில் இருந்தது துப்புரவு அக்கா மட்டும். வாட்ச்மேன் சொன்னார். போன வருஷம் தரை துடைக்கும் மெஷினைச் செருக, கண்ணில் பட்ட பிளக்கைப் பிடுங்கியதும் அவள்தான். அது நிஜம். அதனால் இந்தமுறை யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. நானும்தான். மறுநாளே "பிளக் அக்கா" என்று பேர் வந்துவிட்டது. "லைட்ட அணைச்சுட்டுப் போங்க பிளக் அக்கா, உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே" என்றான் கவுண்டர் பையன். எல்லோரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அறிக்கை எழுத சர்வர் அறைக்குப் போனேன். அங்கே குளிரும். யாரும் வரமாட்டார்கள். தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். "துப்புரவுப் பணியின்போது" என்று அடித்தேன். கண் சொருகியது.

"தூங்குறியா கண்ணு?"

அக்கா கதவருகே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

"இல்லக்கா."

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதாமே. சூப்பர்வைசர் போன் பண்ணான். ரெண்டாவது தடவையாம். இனிமே எந்த எடத்துலயும் போட மாட்டானாம்."

"நான் என்னக்கா பண்றது? எழுதச் சொன்னாங்க."

"எழுது. வேணாங்கல. எழுதறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பின்னாடி வந்து பாரு."

எழுந்தேன். முட்டி சொடக்குப் போட்டது. சர்வர்களுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்க இடம் உண்டு. முதல் சர்வரின் கறுப்பு ஒயரை விரலால் காட்டினாள். தொடவில்லை.

"என்ன தெரியுது?"

"பிளக்."

"அது மேல?"

தூசி. பிளக்கின் தலையிலும் ஒயரின் வளைவிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் படிந்திருந்தது. எங்கும் ஒரு விரல் தடம் இல்லை.

"போன வருஷத்துலேர்ந்து பின்பக்கம் தொடாதேன்னு சொல்லிட்டீங்க. தொடல. மாசக்கணக்கா சேந்த தூசி அது. புடுங்கிட்டு மறுபடி செருகினா இப்படியா இருக்கும்? மெஷினப் பத்தி நீ சொல்லு, கேட்டுக்கறேன். தூசியப் பத்தி எனக்குச் சொல்லாத."

அவள் சொன்னது சரி. சரியாக இருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது. பிளக் இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

"இதுக்குப் பக்கத்துல ஒல்லியா ஒரு ஒயர் போகுதே, அது என்ன?" என்றாள்.

"அது தனி போர்ட்டுக்கா. மெஷினுக்குள்ளேயே இன்னொரு குட்டி மெஷின் இருக்கு. பெரிசு அணைஞ்சாலும் அது அணையாது. வீட்டுலேர்ந்தே அதுக்குள்ள போயி பெரிச அணைக்கலாம், எழுப்பலாம். யாரு எப்ப என்ன பண்ணாங்கன்னு அது குறிச்சு வச்சுக்கும்."

"பெரிசு தூங்கினாலும் இது தூங்காதா?"

"தூங்காது."

"அப்ப உன்ன மாதிரி."

சிரித்தேன். அந்த போர்ட்டைக் காட்டித்தான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். மாமியாருக்கு முட்டி வலி, குழந்தையைத் தூக்க முடியாது. கணவருக்கு மூன்று நாள் இரவு ஷிப்ட், அந்தப் பகல்களில் அவர் குழந்தையோடு இருப்பார். மீதி இரண்டு நாள் அந்த போர்ட்டால் ஓடியது.

"குறிச்சு வச்சிருக்கும்னா, பாரேன். செவ்வாக்கிழம என்ன எழுதியிருக்குன்னு."

அதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாக எனக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்து முதல் சர்வரின் முகவரியை அடித்தேன். பக்கம் திறந்தது. செவ்வாய்க்கிழமையில் ஒரு வரிகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் குட்டி மெஷினும் செத்துப் பிழைத்திருக்கும், அதை எழுதி வைத்திருக்கும். இந்தப் பக்கத்தின்படி சர்வர் அன்று அணையவே இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தி எழுப்பியவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் பார்த்தபோதும் இந்தப் பக்கம் "இயங்குகிறது" என்றுதான் காட்டியது. போர்ட் பொய் சொல்கிறது என்று நினைத்து பஸ் ஏறினேன்.

இரண்டாவது சர்வரின் முகவரியை அடித்தேன்.

செவ்வாய். 6:12. அணைக்கும்படி உத்தரவு. நெட்வொர்க் வழியாக. பக்கத்தில் என் பேர். கீழே, 9:46. முன்பக்கப் பொத்தான்.

நகல் சர்வர் அன்று காலை திணறிக்கொண்டிருந்தது. அதை அணைத்து எழுப்பலாம் என்று, தோளில் குழந்தையோடு, ஒரு கையால் போனில் அழுத்தினேன். எழுப்புவதற்குள் குழந்தை வீறிட்டது. தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிப்போனேன். பிறகும் நகல் சர்வர் திணறியபடியே இருந்ததால் என் உத்தரவு போய்ச் சேரவில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது முகவரியில் திறந்த பக்கத்தில் ஒரு விளக்குப் படம் இருக்கும். அதை அழுத்தினால், பேசிக்கொண்டிருப்பது எந்த மெஷினோடோ அதன் முகப்பில் ஒரு நீல விளக்கு எரியும். அடையாளம் பார்க்க. அழுத்தினேன். எழுந்து பார்க்கத் தெம்பில்லை.

"அக்கா, முன்னாடி எதுலயாவது நீலமா எரியுதா?"

"எரியுது."

"எதுல?"

"இதுல. நான் புடுங்கினேன்னு சொன்னீங்களே, அதுல."

இந்த அறைக்கு மாறியபோது எனக்கு எட்டாம் மாதம். குனிய முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு போர்ட்டுக்கும் முகவரி கொடுத்தேன். ஒன்றை இரண்டு என்றும் இரண்டை ஒன்று என்றும் பட்டியலில் எழுதியிருக்கிறேன். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைவரை அந்தப் பொத்தான்களைத் தொட வேண்டி வரவில்லை.

பதிவுகளுக்குக் கீழே "அழி" என்று ஒரு பொத்தான் உண்டு. அக்காவுக்குத் திரையில் இருப்பது படிக்கத் தெரியாது. கர்சர் அந்தப் பொத்தான்மேல் நின்றது. நான்தான் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டு நாட்களை நினைத்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

லேப்டாப்பை மூடினேன்.

"நான்தான்க்கா அணைச்சேன். தெரியாம. வீட்டுலேர்ந்து."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ரெண்டு நாளா பிளக் அக்கா, பிளக் அக்கான்னு கூப்புட்டானுங்க. நீங்களும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன்."

"குழந்தைய வச்சுக்கிட்டு சிரமப்படுறீங்க. தெரியும். அதுக்காக என் தலையிலயா?"

"கண்ணு" என்ற அழைப்பு போய்விட்டது. "நீ" போய் "நீங்க" வந்துவிட்டது.

"மேனேஜர்கிட்ட சொல்றேன்க்கா."

"சொல்றப்ப நானும் நிக்கணும், மேடம்."

நின்றாள். மேனேஜர் அவளை உட்காரச் சொல்லவில்லை. என்னைச் சொன்னார். நானும் நின்றேன். பதிவை அச்செடுத்த தாளை அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத எழுதித்தான் ஆகணுமா? வேற காரணம் தெரியல, பவர் பிரச்சினைன்னு..."

"பவர் பிரச்சினை இல்ல சார்."

"உங்களுக்காகத்தாம்மா சொல்றேன்."

"எங்களுக்காக யாரு சார் சொல்றது?" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஆளை மாற்ற வேண்டாம், தப்பு எங்கள் பக்கம் என்றார். அதை இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு என்னிடம், "திங்கள்லேர்ந்து அஞ்சு நாளும் ஆபீஸ். வீட்டுலேர்ந்து அந்த போர்ட்ட யாரும் தொட வேணாம்" என்றார்.

சரி என்றேன்.

கணவருக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே குழந்தையின் அழுகை.

"அஞ்சு நாளுமா? அந்த ரெண்டு நாள் யாரு பாக்கறது?"

"தெரியலங்க."

"என்ன சொன்னே அவர்கிட்ட?"

"நடந்தத."

"சரி வா, பேசலாம்" என்றார். வைக்குமுன் அவர் கொட்டாவி விட்டது கேட்டது. எனக்கும் வந்தது.

திங்கட்கிழமை அக்கா இருந்தாள். பிளக் அக்கா என்று யாரும் கூப்பிடவில்லை. என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டார்களோ என்னவோ, என் காதில் விழவில்லை. மாமியார் ஒரு நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்தபடியே பொழுதை ஓட்டிப் பார்க்கிறேன் என்றிருந்தார். பத்து மணிக்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டேன்.

அக்கா என் மேசைப் பக்கம் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"காலத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன்.