சூரியன் மானியம் கேட்கலாமா?

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. வாஷிங்டனில், பெட்ரோலுக்காக வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலம். சட்டமுன்வரைவு அலுவலகத்தில் நான் தட்டச்சாளர். அன்று காலை வானம்

(வேண்டாம். வானத்தை யார் கேட்டார்கள்?)

காந்தப் புலத்துக்குள் அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்கு மானியம் தரும் ஒரு சட்டம் வர இருந்தது. பிற்பகல் நாடாளுமன்றக் குழு கூடுவதற்குள் அதன் சொற்களுக்கு வரையறை எழுதியாக வேண்டும். எழுதியவள் வழக்கறிஞர் தெல்மா பிரௌட்டி. உதவ வந்தவர் இயற்பியலாளர் ஆரின் ஹாஸ்கெல்.

2

தெல்மா வாசித்தாள்: “'இணைவு' என்பது, இலேசான அணுக்கருக்கள் சேர்ந்து கனமான ஒன்றாகி, ஆற்றலை வெளிவிடுதல்.”

நிமிர்ந்தாள். “டாக்டர், இதன்படி சூரியனும் மானியம் கேக்கலாமே!”

“'காந்தப் புலத்தால்'னு சேத்துக்குங்க.”

“சூரியனுக்குக் காந்தப் புலம் இல்லையா?”

“...இருக்கு.”

“சரி, 'பூமியில்'னு போடுவோம்.”

“கப்பல்ல கட்டினா?” என்றார் ஆரின்.

“ஐயோ, கடல் பூமியில இல்லாம வேற எங்கங்க இருக்கு!”

சிரித்த சிரிப்பில் தெல்மா நாற்காலியிலிருந்து வழுக்கியே விழுந்துவிட்டாள். நான் தட்டியது முழுக்கப் பிழை.

3

அடுத்த சொல், 'செயல்விளக்க நிலையம்'. “செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தரும் நிலையம்” என்று எழுதியிருந்தாள்.

ஆரின் சிரிப்பை நிறுத்தினார். “'தரும்'னு போட்டா, தராத அன்னைக்கு எங்களை இழுத்து மூடிடுவாங்க. 'தரக்கூடிய'ன்னு மாத்துங்க.”

“அப்படிப் பாத்தா நானும் ஒலிம்பிக்ல ஓடக்கூடியவதான்.”

“தெல்மா, என் வாழ்க்கையே இதுல இருக்கு.”

“அதனாலதான் கேக்கறேன். தருமா, தராதா?”

(இங்கே ஆரினை அழவைத்து எழுதினேன். அவர் அழவில்லை. அடித்துவிட்டேன்.)

அவர் அவளுடைய சாண்ட்விச்சை எடுத்து ஒரு கடி கடித்தார். “தெரியாது. ஆனா அது தெரியாமலே செத்தா வயிறு எரியும்.”

தெல்மா 'தரும்' என்பதை அடித்தாள். பிறகு எழுதினாள்: “தருவதற்கென வடிவமைக்கப்பட்ட.”

“பொய்யும் இல்ல, சத்தியமும் இல்ல. கிளம்புங்க!”

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினாள். ஆரின் பின்னால் ஓடினார். தாள்களோடு நானும்.

4

குழுவில் ஒருவர் கேட்டார்: “வடிவமைச்சும் தரலைன்னா?”

“இங்கயே வந்து நின்னு, ஏன்னு சொல்றேன்” என்றார் ஆரின்.

ஆதரிப்பவர்களைத் தலைவர் கை தூக்கச் சொன்னார். பாதிக் கைகள் உயர்ந்தன, பாதி உயரவில்லை; சரிசமம்.

(மசோதா தேறியதும் இருவரும் தாழ்வாரத்தில் ஆடுவதாக ஒரு முடிவு எழுதினேன். தோற்றதும் ஆப்பிள் பை இனிப்பு தின்னப் போவதாக இன்னொன்று. இரண்டிலும் என்னால் அவர்கள் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.)

இன்னும் வாக்களிக்காத ஓர் உறுப்பினர் கழிப்பறையிலிருந்து திரும்பவில்லை. வாசகரே, அவர் நாற்காலியில் உட்காருங்கள். தலைவர் உங்களைத்தான் பார்க்கிறார். ஆரினும்.