மாமியார் வந்த வரிசை

சிறைக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பார்த்து, தன் கையெழுத்தில் நகல் எடுத்து உள்ளே அனுப்புவதுதான் அவள் வேலை. மையிலோ மடிப்பிலோ ரகசியம் ஏதாவது ஒளிந்திருந்தால் அது அசல் தாளோடு அலமாரியிலேயே தங்கிவிடும் என்பது மேலதிகாரியின் கணக்கு. கெட்டிக்காரக் கணக்குதான். நகலெடுப்பவளுக்கும் வீட்டில் ஒரு மாமியார் உண்டு என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் அறைக் கைதிக்கு அவன் மனைவி வாராவாரம் எழுதுவாள். யார் யார் அவனை விசாரித்தார்கள் என்பது கடைசி வரியில் இருக்கும். முதல் கடிதத்தில் தங்கை, கொழுந்தன், சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் வந்த பிறகுதான் மாமியார் வந்தாள். "நல்ல மருமக போ, புருஷனைப் பெத்தவளைக் கொண்டுபோய் வால்ல கட்டியிருக்கா" என்று முணுமுணுத்தபடி நகலில் மாமியாரை முதலில் போட்டாள் நம்மவள். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே திருத்தம். மரியாதை தெரியாதவளுக்கு இவள் செய்த உபகாரமாம்.

ஐந்தாவது கடிதம் இன்று மதியம் வந்தது. மாமியார் முதலில் இருந்தாள். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று பேனாவை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திடீரென்று புத்தி ஏன் வரவேண்டும்? பழைய அசல்களை எடுத்துப் பரப்பினாள். முதல் கடிதத்தின் வரிசையில் மாமியார் ஐந்தாவது ஆள், அடுத்ததில் நான்காவது, பிறகு மூன்றாவது, இரண்டாவது; இன்று முதல் ஆள். அவனைத் தப்பவைக்க வெளியே யாரோ வாரங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எண்ணி முடித்தும் விட்டார்கள்.

பெரிய வாசலில் இன்றைக்குக் காவல் அவள் புருஷன். உள்ளே இருப்பவனுக்கோ, அவள் கையெழுத்தில் போன ஒவ்வொரு நகலும் 'இதுதான் அந்த வாரம்' என்றே சொல்லியிருக்கும். அவன் ஒரு மாதமாகத் தயாராகத்தான் இருப்பான். இதைச் சொன்னால் முதலில் அவளைத்தான் பிடிப்பார்கள். மாமியாருக்கு மரியாதை கொடுத்தேன் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? தண்ணீர் குடித்தாள், கடிதங்களை அடுக்கினாள், மறுபடி பரப்பினாள். இருபது நிமிடம் பாழாய்ப் போயிற்று.

கடைசியில் வாசல் காவலறைக்குப் போன் போட்டாள். புருஷனே எடுத்தான். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சொல்லவந்ததை விட்டு வேறு பேச்செடுத்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"மூணு மணிக்கா? என்ன இன்னிக்கு இவ்வளவு கரிசனம்" என்று சிரித்தான். "இரு, சலவைத் துணி வண்டி வந்து ஹாரன் அடிக்குது. திறந்துவிட்டுட்டு வர்றேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "வேணாங்க, திறக்காதீங்க, யாராவது அவரைக் கூப்பிடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகியது. அவன் யாரிடமோ கேட்டான்: "நீங்க புதுசா? பழைய டிரைவர் எங்கே?"