அழித்து எழுதிய பெயர்

தையலம்மாவின் மகன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தபோதும் பெயர் பொறிக்கும் இயந்திரத்துக்குள் டம்ளர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காலையிலிருந்து தலை வலிக்கிறது என்று சொன்னவன், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து அவரும் மருமகளும் ஓடி வந்தார்கள். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். யாருடைய பிறந்தநாளுக்கோ கேட்டிருந்த அந்த டம்ளரில், ஆளில்லாத கடையில், பெயர் குறையில்லாமல் பதிந்து முடிந்திருந்தது.

மகனே போன பிறகு மருமகள் எத்தனை நாள் தங்குவாள் என்று தெரு வாய்க்கு வந்ததைப் பேசியது. அவள் போகவில்லை. ஒருநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

"கடையத் திறக்கட்டுமா அத்தை?"

"திற," என்றார் தையலம்மா.

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட இரண்டு பேருக்கும் தைரியம் வராத காலம் அது.

தையலம்மா பள்ளிச் சீருடை தைக்கும் ஆலையில் இடுப்பு ஒடிய உழைத்து ஓய்ந்தவர். பெயர் அப்படித்தான் வந்தது. கடையில் அவருக்குக் கழுவுவதும் துடைப்பதும் வேலை. கண்ணாடி டம்ளரில் விரல்ரேகைகூட இல்லாமல் துடைத்து, அதன் மேல் நனைத்த காகிதத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக் கொடுப்பார். காகிதம் இல்லாவிட்டால் லேசர் சூட்டில் கண்ணாடி சில்லுச்சில்லாகப் பெயரும். மருமகள் அதை வாங்கி இயந்திரத்துக்குள் ரோட்டரி என்கிற சுழற்றியின் இரண்டு உருளைகளுக்கு நடுவே படுக்க வைப்பாள். உருளைகள் டம்ளரை நத்தை வேகத்தில் சுழற்றும். லேசர் மேலே இடமும் வலமும் மட்டும் ஓடும். சுற்றச் சுற்ற வரி வரியாக எழுத்து எழும்பும். காகிதத்தை உரித்துக் கழுவினால், கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல வெள்ளையாகப் பெயர் நிற்கும்.

இப்படியே மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோதுதான் வண்டிக்காரர் வந்தார். மொத்த வியாபாரியிடமிருந்து கண்ணாடிப் பெட்டிகளை ஏற்றி வந்து கடைகடையாக இறக்குகிறவர். பழைய ஆள் நின்றுபோய், இவர் புதிதாக வந்த முதல் நாளே வாசற்படியில் ஒரு பெட்டியைப் போட்டு உடைத்தார். உடைத்ததை ஒரு சில் விடாமல் தானே பெருக்கி அள்ளிவிட்டு, "மன்னிச்சுக்குங்க, படி இருக்கறதப் பாக்கல," என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது படியை அல்ல என்பது தையலம்மாவுக்குத் தெரியும். ஐம்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த கண்.

மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, குடி இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. மருமகளிடம் பெட்டிக் கணக்கைச் சொல்லவே மூன்று முறை தொண்டையைச் செருமுவார். அவர் வருகிற நாளில் மருமகள் கடை வாசலைக் கொஞ்சம் சீக்கிரமாகவே கழுவிவிடுவதையும் தையலம்மா கவனித்தார். கவனித்து, சில மாதம் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார். ஒருநாள் காகிதம் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்த வண்டிக்காரர் ஏதாவது கேட்டாரா?"

மருமகளின் கை நின்றது. "கேட்டார். முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அவருக்கு வேற ஊர்ல வேலை மாத்தப் போறாங்களாம். ரொம்ப தூரம். உங்கள விட்டுட்டு நான் எங்க அத்தை போவேன்?"

"நான் என்ன கைக்குழந்தையா? போன்னு நான் சொன்னா?"

"கடைய யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன். சட்டைக்கு அளவெடுத்த கைக்கு டம்ளர் எம்மாத்திரம்?"

அன்று மருமகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தையலம்மா விடவில்லை. அடிமேல் அடி வைத்து, கடைசியில் மருமகள் தலையை ஆட்டும்வரை ஓயவில்லை. மறுவாரம் அவளே வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமினார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட நாள் குறித்தாயிற்று. அதற்குள் மாமியாருக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள் மருமகள். டம்ளரின் சுற்றளவை எடுத்துக் கணினியில் கொடுக்க வேண்டும். அது பிசகினால் எழுத்து ஒன்று இழுபடும், இல்லை நசுங்கும். தையலம்மா கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவி டம்ளரைச் சுற்றினார். "இடுப்பு ஒம்பதே கால்," என்றார். மருமகள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அடி சிறுத்து வாய் அகன்ற டம்ளரானால் அடிப்பக்கம் சற்றுத் தூக்கி மட்டம் பார்க்க வேண்டும் என்பதும், இல்லாவிட்டால் அது உருளையில் நழுவி நழுவி ஒரு பக்கமாய்ப் போகும் என்பதும் அவருக்குச் சொல்லாமலே புரிந்தது. பிடிபடாதது கணினிதான். முதல் டம்ளரில் பெயர் தலைகீழாக நின்றது.

"குடிக்கிறவங்க கவுத்து வச்சுப் படிச்சுக்கட்டும்," என்றார்.

மருமகள் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. "எதைச் செஞ்சாலும் ஒடனே சேவ் பண்ணிடுங்க அத்தை. கரண்ட் போச்சுன்னா எல்லாம் போயிடும்." பழைய ஃபைலைத் திறந்தால் வேறு பெயர் வைத்து சேவ் பண்ண வேண்டும் என்பதையும் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் மருமகள் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனாள். அவள் கையில் கொடுக்கத் தானே ஏதாவது செய்ய வேண்டும் என்று தையலம்மாவுக்கு ஆசை. ஆறு டம்ளர், அதில் இரண்டு பேர் பெயர். சுற்றிலும் ஏதாவது பூவேலை இருந்தால் நன்றாக இருக்கும் என்று கணினியில் தேடினார். ஒரு படம் வந்தது. இரண்டு பெயர்கள், அவற்றைச் சுற்றி ஒரு கொடி. இலைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், அவசரக்காரன் வரைந்த மாதிரி. மகன் தன் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கத் தன் கையால் வரைந்தது. மேலே அவன் பெயர், கீழே அவள் பெயர்.

மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இதைவிட நல்ல கொடி அதில் இல்லை. அதோடு, அவன் கையால் ஒன்று அவளோடு போகட்டும் என்றும் ஒரு எண்ணம். கீழே இருந்த பெயரைத் தொட வேண்டியதில்லை. மேலே இருப்பதை மாற்றினால் போதும்.

அவன் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கோடு மினுக்மினுக்கென்று நின்றது. அழிக்கும் பொத்தானைத் தொட்டார். முதலில் அந்த எழுத்தின் புள்ளி மட்டும் போயிற்று. புள்ளி போனதும் பெயர் ஏதோ பாதியில் கூப்பிட்டு நிறுத்தினதுபோல ஆகிவிட்டது. சின்ன வயதில் தெருவில் விளையாடியவனைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல் அவருடைய தொண்டைக்குள்ளேயே கேட்டது. கையை எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் யாரோ எட்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திறந்தபோது மேலே வெற்றிடம். அங்கே வண்டிக்காரரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். கற்றுக்கொடுத்தபடி உடனே சேவ் பண்ணினார். ஆறு டம்ளரையும் ஒன்றுகூடப் பிசகாமல் போட்டு முடித்து, இயந்திரத்தையும் கணினியையும் அணைத்துவிட்டார்.

மருமகள் துணிப்பையோடு உள்ளே வந்தபோது டம்ளர்கள் கழுவித் துடைத்து மேசைமேல் இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோயிற்று.

"இந்தக் கொடி..."

"அவன் வரைஞ்சதுதாம்மா. நல்லா இருக்குல்ல?"

"எந்த ஃபைல்ல போட்டீங்க?"

மருமகள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கணினியை முடுக்கினாள். அது திறக்கிற நேரம்வரை நின்றுகொண்டே இருந்தாள். கொடி இருந்தது. கீழே அவள் பெயர் இருந்தது. மேலே வண்டிக்காரர்.

"வேற பேர்ல சேவ் பண்ணலியா?"

"மறந்துட்டேன். அதுக்கென்னம்மா, அவன் பேரத் திரும்ப அடிச்சிட்டாப் போச்சு. இப்பவே அடிக்கிறேன்."

"நாம அடிச்சா அது நாம அடிச்சது அத்தை." மருமகளின் குரல் உடைந்தது. "அது அவர் அடிச்சது. என் பேருக்கு மேல ரெண்டு எடம் தள்ளி ஒக்காந்திருக்கும், சரியா நடுவுல இருக்காது. மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன். இருக்கட்டும்னு சிரிச்சார்."

மகன் போன பிறகு அவள் அந்த ஃபைலை அடிக்கடி திறந்து பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தையலம்மாவுக்குத் தெரிந்தது. தான் ஒருத்திதான் இன்னும் துக்கத்தைச் சுமக்கிறோம், இவள் எப்படியோ கரையேறிவிட்டாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். நினைத்து, கொஞ்சம் கோபம்கூடப் பட்டிருந்தார்.

மருமகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழுததற்குப் பிறகு அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அழுது முடித்து, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் அத்தை. அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். நான் இங்கயே இருந்துக்கறேன்," என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் அதைச் சொன்னதும் தையலம்மாவின் நெஞ்சு ஒரு நொடி குளிர்ந்தது. இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்குவரை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் உன்னப் போகச் சொன்னது பெரிய மனசுல இல்லம்மா," என்றார். "காலையில நீ எந்திரிச்சு வெளிய வருவ. ஒன் பின்னாடி அவன் வருவான்னு ஒரு தடவ பாப்பேன். தெனமும் பாப்பேன். அப்புறம் வரமாட்டான்னு தெரியும். ஒன் மொகத்தப் பாக்கப் பாக்க அவன் இல்லங்கறதுதான் பெருசாத் தெரியுது. அதான் போகச் சொன்னேன்."

சொல்லிவிட்டுப் பயந்தார். மருமகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான் அத்தை," என்றாள் மெதுவாக. "நீங்க தும்முனா அவர் தும்முற மாதிரியே இருக்கு. பின்னறையில நீங்க தும்மும்போதெல்லாம் நான் காதப் பொத்திக்குவேன்."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, இவர்கள் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். மருமகள் எழுந்து முகம் கழுவினாள். வண்டிக்காரருக்கு அவள் ஃபோன் பண்ணவில்லை.

கல்யாணம் நடந்தது. ஒரு மேசை, ஒரு பேனா, சாட்சிக்கு மூன்று பேர். அதில் தையலம்மாவும் ஒருவர். உறவு என்ன என்று எழுத்தர் கேட்டார். மாமியார் என்று சொன்னதும், "மாப்பிள்ளையோட அம்மாவா?" என்றார். "ஆமா," என்று சொல்லிவிட்டார் தையலம்மா. அது பொய் இல்லை என்று அப்போது தோன்றியது. டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அவரே பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது வண்டிக்காரர் இறங்கி வந்து அவர் காலைத் தொட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்துத் தொண்டையை மட்டும் செருமினார். "நல்லாப் பாத்துக்கப்பா," என்றார் தையலம்மா.

கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்போல வேகம் இல்லை. கேட்டவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டார். மருமகள் முதலில் தினமும் ஃபோன் பண்ணினாள், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"எத்தன மாசம்?" என்றார் தையலம்மா.

"நாலு. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

வெயிலில் அலையாதே, பெட்டி கிட்டி தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. சந்தோஷம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல இன்னொன்றும் உறைத்தது. இந்த வீட்டில் பிறக்க வேண்டிய குழந்தை இனி ஒருநாளும் பிறக்கப் போவதில்லை.

மருமகள் தயங்கினாள். "அத்தை, ஒண்ணு கேக்கணும். நான் ஃபோன்ல பேசறதக் கேட்டுட்டு இங்க பக்கத்து வீட்டுல எல்லாம், யாரு அத்தைங்கறாங்க. இவரோட அம்மா எப்பவோ போயிட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்லேருந்து சொல்ல முடியல. இனிமே உங்கள அம்மான்னு கூப்பிடட்டுமா?"

தையலம்மா ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவங்ககிட்ட அம்மான்னே சொல்லிக்கோ. என்னக் கூப்பிடறப்ப மட்டும் அத்தைன்னு கூப்பிடு."

"ஏன்?"

"அவன் வழியாத்தானேம்மா நான் உனக்கு அத்தை."

மறுமுனையில் எங்கோ ஒரு குக்கர் விசில் கேட்டது. பிறகு மருமகள், "சரி அத்தை," என்றாள். அவள் ஃபோனை வைக்கவில்லை. தையலம்மாவும் வைக்கவில்லை.